வெட்டாத கத்தியின் வரலாறு

"அட்டையில என்ட பேர் வரணும்."

கேதீஸ்வரி இதைச் சொன்ன நேரம் கனகசிங்கம் முதலாளியின் வாய்க்குள் பாதி மஸ்கற் அல்வா இருந்தது. மற்றப் பாதி கையில். வாயிலிருந்ததை மெல்வதா, கையிலிருந்ததை வைப்பதா என்று தெரியாமல் அவர் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். குளிரூட்டி மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. அவளுக்குப் பின்னால் நின்ற நிலோஜன் போனிலிருந்து தலையை எடுத்தான். அவன் முதலாளியின் கடைசி மகன். போனிலிருந்து தலையை எடுக்க அவனுக்குப் பெரிய காரணம் வேண்டும்.

காலையில் வீட்டுப் படலையடியில் வைத்து அம்மா இதைத்தான் சொல்லி அனுப்பியிருந்தாள். "எழுதினதைக் குடு. நல்லா இரிக்கெண்டு சொன்னா சிரி. வேலை எப்ப தருவீங்கெண்டு கேளு, அதைக் கேக்கலாம். பேரை மட்டும் கேட்டிராத. சொல்லிப்போட்டன். பேரைக் கேட்டா அந்த மனிசன் மனிசனா இரிக்கமாட்டார்." அம்மா சொன்னதில் பிழையில்லை. கனகசிங்கம் முதலாளிக்குப் பேர் என்பது மற்றவர்களுக்குச் சோறு போல. குருக்கள்மடத்து பஸ் தரிப்பிடத்தில் அவர் பேர் கிடந்தது. பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தாங்கியில் கிடந்தது. மயானத்து மண்டபத்திலும் கிடந்தது. அங்கே எரிந்தவர்களின் பேர் ஒன்றுகூட இல்லை, அவருடையது மட்டும் மூன்று மொழியில். கடைப் பலகை எழுதிய பெயின்டர் ஒருவன், மூலையில் குண்டூசித் தலையளவில் தன்னுடைய பேரைப் போட்டதற்கு, அவனையே ஏணியில் ஏற்றி அவன் கையாலேயே அழிக்க வைத்தவர்.

மஸ்கற் இறங்கியது. "என்ன பேர்?" என்றார்.

"கேதீஸ்வரி. நல்லதம்பி கேதீஸ்வரி."

"உன்ட பேர் எனக்குத் தெரியும் புள்ள. உனக்கு அந்தப் பேரை வைக்கக்குள்ள உன்ட அம்மா லீவு கேட்டு வந்து நிண்டது இந்த மேசைக்கு முன்னால. நான் கேக்கிறது, அந்தப் பேருக்கும் எங்கட புத்தகத்துக்கும் என்ன சம்பந்தம்?"

"எழுதினது நான்."

"எழுதினது நீ. வரலாறு ஆர்ட?"

இதற்கு அவளிடம் பதில் இருந்தது. பதில் எப்போதும் இருக்கும், அதுதான் அவளுடைய வியாதி என்று அம்மா சொல்வாள். வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் வரலாறு படித்து, வகுப்பில் முதலாவதாக வந்து, குடும்பத்தில் முதலாவதாகக் கறுப்பு அங்கி போட்டுப் படமெடுத்து, பிறகு காந்திப் பூங்காவில் வேலையில்லாப் பட்டதாரிமாரின் கொட்டிலுக்குள் பதாகையோடு குந்தியிருந்தவள். அந்தப் படம் பத்திரிகையில் வந்தது. அவள் முகம் தெளிவாக, வாய் திறந்து, கை உயர்த்தி. கீழே எழுதியிருந்தது: 'போராட்டத்தில் ஈடுபட்ட பட்டதாரி யுவதி ஒருவர்.' அம்மா அதை வெட்டி சாமித்தட்டுக்கு மேல் ஒட்டினாள். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் 'ஆரு, இது நம்மட கேதீயா?' என்று கேட்டார்கள். பத்திரிகையே 'ஒருவர்' என்று சொல்லிவிட்டதால் அவர்களுக்குச் சந்தேகம். அவள் எழுதிய ஆய்வேட்டையோ திணைக்களத்து அலுமாரிக்குள் கறையான் மட்டும் வாசித்துக்கொண்டிருந்தது. இருபத்தாறு வயதாகிறது. அவள் பேர் அச்சில் வந்தது வாக்காளர் இடாப்பில் மட்டும்தான். அதிலும் ஆண் என்று போட்டிருந்தார்கள்.

ஆகவே கனகசிங்கம் முதலாளி ஆளனுப்பி, தன் பாத்திரக் கடையின் நூற்றாண்டுக்கு ஒரு சிறு புத்தகம் வேண்டும், எழுதித் தந்தால் புதுக் கிளையில் மனேஜர் வேலை தருவேன் என்று சொன்னபோது, அம்மாவின் காதில் 'வேலை' விழுந்தது. மகளின் காதில் 'புத்தகம்' விழுந்தது.

புத்தகத்தின் பொருள் முதலாளியின் கதிரைக்குப் பின்னால், கண்ணாடிப் பெட்டிக்குள், சிவப்பு வெல்வெற்றில் கிடந்தது. ஒரு கத்தி. எலும்புக் கைப்பிடி பல் மாதிரி மஞ்சளாகியிருந்தது. அலகு அகலமாக, தோணிபோல் வளைந்து, நுனியில் சின்னதாக ஒரு வெட்டு. அலகு முழுக்கச் செதில் செதிலாக ஒரு மீன் பொறித்திருந்தது. மேலே, இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரத்துப் பிளெங்கின்சொப் கம்பனியின் முத்திரை. முதலாளியின் வாயில் அது 'புளியங்கின்சப்'.

கதை ஊருக்கே தெரியும். முதலாளியின் பூட்டன் கந்தப்போடியார், ஒரு வெள்ளைக்காரத் துரையை நிறைநிலாப் பறுவத்தன்று தோணியில் ஏற்றி வாவிக்குள் கொண்டுபோனார். துரை துடுப்பில் காதை வைத்துப் பாடுமீன் பாடுவதைக் கேட்டு அழுதுவிட்டார். அந்தத் துரை பிளெங்கின்சொப்பின் மருமகன். சீமைக்குப் போனதும் மாமனாரிடம் சொல்லி, மட்டக்களப்புப் பாடுமீனைப் பொறித்து, உலகத்திலேயே ஒரேயொரு கத்தி செய்வித்து, கப்பலில் அனுப்பினார். போடியார் அந்தக் கத்தியை வைத்துத்தான் கடை திறந்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு ஆயுதபூசைக்கும் அந்தக் கத்திக்குச் சந்தனம், பொட்டு, மாலை. அந்தக் கத்தியால்தான் நீத்துப்பூசணி வெட்ட வேண்டும்.

அதில் ஒரு சின்னச் சிக்கல். அந்தக் கத்தி வெட்டாது. பூசணியை விடுங்கள், வெண்ணெய்கூட அதற்கு முன்னால் தைரியமாக இருக்கும். ஆகவே பூசைக்கு முதல் பின்பக்கத்தில் வைத்து மன்னாக்கத்தியால் ஒரே போடாகப் பூசணியைப் பிளந்து, ஈர்க்குக் குத்தி ஒட்டி, குங்குமத்தால் வெடிப்பை மறைத்து, தட்டில் வைத்துக் கொண்டுவருவார்கள். ஐயர் மணியடிக்க, முதலாளி கண்ணை மூடிக் கத்தியை மெல்ல வைப்பார். பூசணி இரண்டாக விழும். கூட்டம் 'அரோகரா' சொல்லும். ஒருமுறை ஈர்க்கு இறுகிப்போய்ப் பூசணி விழ மறுத்ததும், முதலாளி கத்தியை வைத்து அமுக்கியதும், மறுபக்கத்திலிருந்து ஐயர் காலால் தட்டிவிட்டதும் ஊர் அறிந்த வரலாறு. கேட்டால், "அது தெய்வக் கத்தி புள்ள, வெட்டாது. தொடும்" என்பார் முதலாளி.

அந்தக் கத்தியை ஒவ்வொரு வருடமும் புளி போட்டு மினுக்குவது கேதீஸ்வரியின் அம்மா அன்னப்பூரணி. கடை வாசலில், பந்தலுக்குக் கீழே, விற்பனைக்கு வந்த குத்துவிளக்குகளுக்கு நடுவில் குந்தியிருந்து மினுக்குவதுதான் அவளுடைய வேலை. அவள் பக்தியோடு தேய்த்த தேய்ப்பில் மீனின் ஒரு கண் போய்விட்டது. முதலாளி அதைக் கண்டு கோபிக்காமல், மீன் ஒற்றைக்கண்ணால் நம்மைப் பார்க்கிறது என்று சொல்லிக் கும்பிட்டார்.

இவ்வளவையும் எழுதினால் இரண்டு பக்கம் வரும். கேதீஸ்வரிக்கு இரண்டு பக்கம் போதவில்லை. கம்பனியின் கதையைத் தேடினாள். கல்முனை பஸ்ஸில், போனில், நூலகத்துக் கணினியில். தேடத் தேட அந்த ஷெஃபீல்ட் அவளைப் பிடித்துக்கொண்டது. ஆற்றோரங்களில் தண்ணீர்ச் சக்கரம் சுழற்றிச் சாணை பிடித்தவர்கள். கல்லுத்தூசி நெஞ்சில் நிறைந்து நாற்பது வயதைக் காணாமல் செத்தவர்கள். கரண்டியும் கத்தியும் மினுக்குவதற்கென்றே இருந்த பெண்கள். உடம்பில் பழுப்புக் கடதாசி சுற்றி, தலையில் துணி கட்டி, முகமெல்லாம் கரி. அவர்களுக்கு வாய் நீளம் என்று ஒரு மேற்பார்வையாளன் முறைப்பாடு சொல்லியிருந்தான். அதை வாசித்தபோது அவளுக்கு அவர்களைத் தெரிந்ததுபோல் இருந்தது. ஒரு கத்தியில் பத்துப் பேரின் கை படும், முத்திரை பிளெங்கின்சொப்புக்கு மட்டும். இதை எழுதும்போது அவளுக்கு வந்த கோபத்தில் அடுத்த பந்தி தானாக வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. எழுதி முடித்து வாசித்தபோது, இது நான் எழுதினதா என்று அவளுக்கே சந்தேகம். தன்னுடைய வாழ்க்கையில் செய்த எதையும் இவ்வளவு நன்றாகச் செய்ததாக அவளுக்கு ஞாபகமில்லை.

அந்தத் தேடலில்தான், பஸ் களுவாஞ்சிக்குடி தாண்டும்போது, கம்பனியின் பழைய விலைப்பட்டியலில் ஒரு பக்கம் போனில் விரிந்தது. எலும்புக் கைப்பிடி. தோணி அலகு. நுனியில் வெட்டு. செதில் செதிலாக மீன். 'மீன் உண்பதற்கான கத்தி. டசின் கணக்கில் கிடைக்கும்.' அவள் சிரித்த சிரிப்பில் கொண்டக்டர் வந்து, "தங்கச்சி, இறங்கோணுமா?" என்று கேட்டான்.

"வரலாறு எங்கட," என்றார் முதலாளி இப்போது. மஸ்கற் தட்டை ஒரு பக்கம் தள்ளினார். "அட்டையில கந்தப்போடியார்ட படம் வரும். கீழ, 'தொகுப்பு, கனகசிங்கம்' எண்டு வரும். உனக்கு உள்ளுக்க நன்றி சொல்றன். கடைசிப் பக்கத்தில, சாப்பாடு குடுத்தவங்களோட."

"நான் சாப்பாடு குடுக்கல்ல."

"அது சரி, கோவிக்காத. மறுகா பாப்பம். முதல்ல எங்கட பூட்டன்ட பகுதியை வாசி. அழுகை வருதா எண்டு பாக்கணும்."

அவள் கையெழுத்துப் பிரதி இருந்த கோவையைத் திறந்தாள். வாசிக்கவில்லை. அந்த மனிதனின் முகத்தைப் பார்த்தாள். எழுபது தாண்டிய முகம், நெற்றியில் மூன்று கோடு திருநீறு, அழத் தயாராக இருந்தது. ஒரு கணம் அவளுக்குப் பாவமாக இருந்தது. அந்தக் கணம் போனதும் வாய் திறந்துவிட்டது.

"அப்படி ஒரு பகுதி இல்ல முதலாளி. துரை கத்தி அனுப்பேல்ல. அது பாடுமீனும் இல்ல. வெள்ளைக்காரன் மீன் சாப்பிடக்குள்ள முள்ளு எடுக்கிற கத்தி அது. எல்லாக் கத்தியிலும் மீன் போட்டிரிப்பான். அதால பூசணி இல்ல, புட்டும் வெட்டேலாது."

நிலோஜனின் விரல் ஏற்கனவே போனில் ஓடிக்கொண்டிருந்தது. இந்தப் பிள்ளை கொழும்பில் மார்க்கட்டிங் டிப்ளோமா செய்தவன். நூற்றாண்டுக்காக வாவியைப் படமெடுக்க அவன் பறக்கவிட்ட ட்ரோன் ஒரு தென்னையில் மாட்டி, இன்னும் அங்கேயே கிடந்தது.

"அப்பா," என்றான் அவன், குரல் கீழே போய். "ஆறு கத்தி, ஆறு முள்ளுக்கரண்டி, பெட்டியோட கிடக்கு. ஏலத்தில. எல்லாத்திலயும் மீன். இதுகளுக்கு ரெண்டு கண்ணும் இரிக்கு."

"போய்த் தேத்தண்ணி சொல்லு."

"சொல்லிட்டன் அப்பா, இப்பதானே..."

"மறுகா சொல்லு!"

அவன் போக, கதவு சாத்திக்கொண்டது. முதலாளி கதிரையைத் திருப்பி, கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தார். இனி வெடிக்கும் என்று கேதீஸ்வரி கோவையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். வாசலில் அம்மா விளக்கு மினுக்குவது கண்ணாடிக்கு அப்பால் தெரிந்தது.

"எனக்குத் தெரியும் புள்ள," என்றார் அவர்.

"என்ன தெரியும்?"

"மூத்தவள்ட கலியாணத்துக்கு லண்டன் போன நேரம். பெரிய ஹோட்டல். மேசையில போய் இரிக்கன், கோப்பைக்குப் பக்கத்தில இதே கத்தி கிடக்கு. நான் நினைச்சன், எங்கட மரியாதைக்கு வைச்சிரிக்காங்க எண்டு. கிறுகிப் பாத்தா அடுத்தவனுக்கும் வைச்சிரிக்கான். அங்கால இரிக்கிறவனுக்கும். முழு மண்டபத்திலயும், மேசை மேசையா, எங்கட பரம்பரை! ஒரு சீனாக்காரன் அதால மீனைக் குத்திக் குத்தித் திங்கிறான்." அவர் கையால் குத்திக் காட்டினார். "அண்டைக்கு நான் மீன் தின்னல்ல. வயித்துக்குள்ள ஏதோ செய்யிதெண்டு சொல்லிட்டு எழும்பிட்டன்."

கேதீஸ்வரிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், மூக்கால் வந்தது. ஆச்சரியம், முதலாளியும் சிரித்தார். தோள் குலுங்க, வெற்றிலைக் கறைப் பல் தெரிய, இரண்டு பேரும் சிரித்தார்கள். இந்த மனிதனை எனக்குப் பிடிக்கிறதே என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

"வந்து வீட்ட சொல்லியிரிக்கலாமே?"

"ஆருட்டச் சொல்ற? அப்பா உசிரோட இரிந்தார். அந்த வருசமும் பூசணி வெட்டினன். விழுந்திச்சு. எல்லாரும் கும்பிட்டாங்க. எனக்கும் கும்பிடத்தான் வந்திச்சு." அவர் கண்ணைத் துடைத்தார். பிறகு குரல் மாறியது, கடைக்குரல். மேசைக்குக் கீழே குனிந்து ஒரு அட்டைப் பெட்டியை எடுத்து முன்னால் வைத்தார். உள்ளே பளபளவென்று ஒரு சமையல் கத்தி. அலகில் மீன். 'பாடுமீன் பிராண்ட்' என்றும், அதன்கீழ் 'ஷெஃபீல்ட் பாரம்பரியம்' என்றும். "எங்கிருந்து வருதெண்டு கேக்காத. கப்பல்ல வருது. நூற்றாண்டு விழாவோட கிழக்கு முழுக்க இறங்குது. ஒவ்வொரு பெட்டிக்குள்ளயும் உன்ட புத்தகம் ஒண்டு போகும். பேரைக் கேட்டாய் என்ன? போடுறன்."

அவள் பெட்டிக்குள் கிடந்த மீனைப் பார்த்தாள்.

"அட்டையிலயே போடுறன். பெரிய எழுத்தில. 'வரலாற்றுத்துறைச் சிறப்புப் பட்டதாரி நல்லதம்பி கேதீஸ்வரி.' என்ட பேர் வேணாம். கந்தப்போடியார்ட பேருக்குப் பக்கத்தில உன்ட பேர். பூட்டன்ட பகுதியை மட்டும் ஊரில சொல்ற மாதிரி எழுது. நாளைக்கு லண்டன்காரன் ஒருத்தன் வந்து, இதை நான் ஹோட்டல்ல கண்டன் எண்டு சொன்னா, நான் புத்தகத்தைக் காட்டுவன். நீ கண்டது ஹோட்டல்ல தம்பி, இது படிச்ச பிள்ளை ஆராய்ஞ்சு எழுதினது எண்டு சொல்லுவன். வாயைத் திறப்பானா?"

நிலோஜன் மூன்று கோப்பை தேத்தண்ணியோடு உள்ளே வந்தான். கதவுக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான் என்பது ஆறிப்போன தேத்தண்ணியில் தெரிந்தது. "அப்பா, இவ எழுதாட்டியும் பரவாயில்ல," என்றான். "ஏஐயிட்டக் குடுத்தா உடனே எழுதித் தரும்."

"அதுக்கு டிகிரி இரிக்கா?" என்றார் முதலாளி.

நிலோஜன் யோசித்தான். இல்லை என்று ஒப்புக்கொண்டான்.

தன் பேரை அந்த அட்டையில் அவள் பார்த்தாள். பார்க்காமல் இருக்க முடியவில்லை. நல்ல தடித்த எழுத்து. சாமித்தட்டுக்கு மேல் ஒட்டிய பத்திரிகைத் துண்டைக் கிழித்துவிட்டு அம்மா அந்த இடத்தில் இதை வைப்பாள். பெரியகல்லாற்றில், செட்டிபாளையத்தில், ஒவ்வொரு குசினியிலும் வெங்காயத் தோலுக்குப் பக்கத்தில் அவள் பேர் கிடக்கும். 'ஒருவர்' இல்லை. நல்லதம்பி கேதீஸ்வரி. கீழே, அவள் எழுதாத ஒரு துரை துடுப்பில் காதை வைத்து அழுதுகொண்டிருப்பார், அவள் பேரைப் பிடித்துக்கொண்டு. உண்மையை எழுதினபோது சாப்பாடு கொடுத்தவர்களோடு கடைசிப் பக்கம். பொய் எழுதினால் அட்டை. இதை இவ்வளவு வெளிச்சமாக யாரும் அவளுக்கு இதுவரை சொல்லித் தந்ததில்லை. நான்கு வருடம் வளாகத்திலும் சொல்லவில்லை.

தேத்தண்ணியைக் குடித்தாள். ஆறியிருந்தாலும் நல்ல இஞ்சித் தேத்தண்ணி. கோப்பையை வைத்தாள். கோவையை மூடினாள். மூடும்போதே முடிந்துவிட்டது, மிச்சம் எழும்புவது மட்டும்தான்.

"என்ன, எப்ப எழுதித் தருவாய்? வேலைக்கும் அடுத்த மாசமே..."

"இதை நான் கொண்டு போறன் முதலாளி."

"திருத்திக்கொண்டு வாறியா?"

"இல்ல. கொண்டு போறன்."

அவருக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. விளங்கியதும் முகம் சிவக்கவில்லை, சுருங்கியது. "பேருக்காகத்தானே வந்தாய்? தாறனெண்டு சொல்றனே! உனக்கென்ன விசரா? நான் வேற ஆளை வைச்சு எழுதுவன்!"

"எழுதுங்க. அந்த ஆள்ட பேரையே போடுங்க."

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தபோது வெளியே வெக்கை முகத்தில் அடித்தது. அம்மா விளக்கொன்றை இரண்டு பாதத்துக்கும் நடுவில் பிடித்து, புளிச்சக்கையால் தேய்த்துக்கொண்டிருந்தாள். கை முழங்கை வரை கறுப்பு. மகளின் முகத்தைப் பார்த்ததும் தேய்ப்பது நின்றது.

"கேட்டியா?"

"கேட்டன்."

"ஐயோ, சொன்னனேகா! ஏசினாரா?"

"இல்ல. தாறனெண்டார். அட்டையில. பெரிய எழுத்தில."

அம்மாவின் வாய் திறந்து, கண் நிறைந்து, புளிக் கையைக் கும்பிட உயர்த்தினாள். "அம்மாளே! மறுகா ஏன்டி மூஞ்சி இப்படி இரிக்கு?"

"வேணாமெண்டு சொல்லிட்டன்."

உயர்த்திய கை அந்தரத்திலேயே நின்றது. புளித்தண்ணீர் முழங்கை வழியாக வழிந்து சீலையில் சொட்டியது. "கேட்டது நீ. தாறனெண்டது அவர். வேணாமெண்டதும் நீ." அம்மா ஒவ்வொன்றாக அடுக்கிப் பார்த்தாள், சரிவரவில்லை. "வேலை?"

"அதுவும்தான்."

"நாளைக்கு நான் எந்த முகத்தோடடி இஞ்ச வாறது?"

இதற்கு மட்டும் அவளிடம் பதில் இல்லை. உள்ளேயிருந்து முதலாளியின் குரல் கேட்டது. "அன்னப்பூரணி!" அம்மா கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு எழும்பினாள். "அந்தப் பெரிய விளக்கு முடிஞ்சா கொண்டு வா, வாங்க ஆள் வந்திரிக்கு." குரலில் கோபமா, களைப்பா, வெறும் வியாபாரமா, சொல்ல முடியவில்லை. அம்மா மகளையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு விளக்கைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "வீட்ட போய்ச் சோத்தைப் போட்டுத் தின்னு. வந்து பேசிக்கிறன் உன்னோட," என்று பல்லைக் கடித்துச் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

கேதீஸ்வரி பஸ் நிலையத்துப் பக்கம் போகவில்லை. கோவையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாவிக்கரை வீதியில் இறங்கி நடந்தாள். வெயில் தண்ணீரில் தகரமாய்க் கிடந்தது. கரையோரத்தில் நட்டிருந்த கம்பொன்றின் மேல் ஒரு நீர்க்காகம், முக்குளித்து எழும்பின ஈரத்தோடு, தன் கழுத்தைவிடப் பெரிய மீனொன்றைக் குறுக்காகக் கவ்விக்கொண்டு நின்றது. மீன் துள்ளியது. நீர்க்காகம் தலையை ஒரு உதறு உதறி, மீனை நேராக்கி, அண்ணாந்து, எந்தக் கத்தியும் இல்லாமல், முள்ளோடும் செதிலோடும் அப்படியே இறக்கியது. தொண்டை பெருத்து, அந்தப் பெருப்பு மெல்ல மெல்லக் கீழே போனது. பிறகு இரண்டு சிறகையும் அகல விரித்து, வெயிலுக்குக் காட்டிக்கொண்டு நின்றது.